மாட்டா குடும்பத்தின் ஸ்பானிய உணவகம், மான்செஸ்டர்

ஸ்பெயினின் வலென்சியா அணியில் ஆடிக்கொண்டிருந்த கால்பந்து வீரர் ஹுவான் மாட்டா 2011இல் இங்கிலாந்தின் செல்சி அணிக்கு வந்தார். 2014 ஜனவரியில் 3.71 கோடி பவுண்டு கொடுத்து அவரை மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது. எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுச் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கத்தானே செய்யும்! அப்பாவோடு சேர்ந்து டீன்ஸ்கேட் தெருவில் தப்பேயோ அண்ட் வைன் உணவகத்தைத் திறந்தார்.

எல்லாம் சின்னச் சின்னத் தட்டுகள். நாலைந்து வாங்கிப் பங்கு போட்டுச் சாப்பிட்டால்தான் ருசி. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுட்ட தோர்த்தியா எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓரம் பொன்னிறமாக முறுகியிருக்கிறது, வெட்டினால் நடுவில் முட்டை லேசாக இளகி நிற்கிறது. பொரித்த உருளைக்கிழங்கைக் காரச் சாஸோடு தரும் பத்தாத்தாஸ் பிராவாஸின் காரம் நமக்குக் காரமே இல்லை, ஆனால் மொறுமொறுப்பு அபாரம். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் ஆட்டம் இருக்கும் நாளென்றால் மேஜைக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.