கிலோமீட்டர் கணக்கா, சென்சார் கணக்கா? கடலூர், புதுச்சேரி பஸ்களுக்கு எது பொருந்தும்?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ் கிருமாம்பாக்கம் பக்கம் நின்றுபோனால், சாலையோரம் தவிப்பவர்களில் ஜிப்மருக்குப் போகும் நோயாளிகளும் இருப்பார்கள். பணிமனையில் எந்தப் பராமரிப்பு முறை நடக்கிறது என்பது அவர்களையும் பாதிக்கும் விஷயம்.

முன்னால் இருப்பவை மூன்று வழிகள். இத்தனை கிலோமீட்டர் ஓடினால் இன்ன வேலை என்ற பழைய கணக்கு, பஸ்ஸிலேயே இருக்கும் சென்சார்களைப் படிப்பது, தனியாக வாங்கிப் பொருத்துவது.

கிலோமீட்டர் கணக்கின் குறை, எல்லா கிலோமீட்டரையும் ஒன்றாக எண்ணுவது. சிதம்பரம் சாலையில் ஓடும் வண்டியும், மஞ்சக்குப்பத்துக்கும் முதுநகருக்கும் இடையே நின்று நின்று போகும் டவுன் பஸ்ஸும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் பிரேக் லைனிங்கும் கிளட்சும் ஒரே அளவா தேயும்? ஆனாலும் இந்தக் கணக்கைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். கிரீஸ் அடிக்கவும், ஸ்பிரிங் பட்டையில் விரிசல் பார்க்கவும், வீல் நட் இறுக்கவும் ஒரு ஆள் வண்டிக்கு அடியில் போயே ஆக வேண்டும். அவரை அங்கே அனுப்புவது இந்தக் கணக்குதான்.

இரண்டாவது வழியில்தான் கவனிக்கப்படாத செல்வம் கிடக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தபின், புது டீசல் பஸ்களின் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு கூலன்ட் சூடு, ஆயில் பிரஷர், புகை வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் எல்லாம் நொடிக்கு நொடி தெரியும். பெரும்பாலும் டேஷ்போர்டில் விளக்கு எரிந்த பிறகே அதைத் திறந்து பார்க்கிறோம். விளக்கு எரிவதற்கு முந்தைய நாட்களின் எண்களில்தான் பலன் இருக்கிறது.

புகை வடிகட்டியையே எடுத்துக்கொள்வோம். அதில் சேரும் கரி எரிந்து போக, வெளியேறும் புகை நல்ல சூட்டில் இருக்க வேண்டும். நெரிசலில் ஊர்ந்து போகும் டவுன் பஸ்ஸில் அந்தச் சூடு வருவதே கடினம். கரி அடைக்க அடைக்க அழுத்த வித்தியாசம் ஏறும், கடைசியில் கம்ப்யூட்டரே இன்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும். எண் ஏறத் தொடங்கும்போதே பார்த்துவிட்டால், அந்த வண்டியைச் சில டிரிப்புகள் சிதம்பரம் பக்கம் நீண்ட ஓட்டத்துக்கு மாற்றிவிடலாம், அல்லது பணிமனையில் நிறுத்தியே கரியை எரித்துவிடலாம். ஒரு ஸ்பேனர்கூடத் தொடாமல், டிரிப் ஷீட்டை மாற்றியே ஒரு பிரேக்டவுனைத் தவிர்க்கலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பேட்டரியும் அப்படித்தான். காலையில் ஸ்டார்ட் செய்யும் நொடியில் 24 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று தினமும் பதிந்தால், சாகப்போகும் பேட்டரி முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. எல்லா வண்டிக்கும் ஒரே எல்லையை வைக்கக் கூடாது. மே மாத வெயிலில் எல்லா பஸ்ஸும் சூடாகத்தான் ஓடும். அதே மாடலில், அதே வழித்தடத்தில், அதே நேரத்தில் ஓடும் மற்ற வண்டிகளைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதன் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். இப்படி ஒப்பிடாமல் எல்லாவற்றுக்கும் அலாரம் அடித்தால், ஒரு மாதத்தில் மெக்கானிக் அந்தத் திரையைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அது அவர் தப்பு இல்லை.

மூன்றாவது வழி பழைய வண்டிகளுக்கானது. அவற்றின் இன்ஜினில் படிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. வீல் ஹப், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி, எவ்வளவு சூடாகிறது என்று அளக்கும் சென்சார் பயனுள்ளது. இடது சக்கரத்தைவிட வலது சக்கரம் அதிகம் கொதித்தால் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது, இல்லை பேரிங்கில் கிரீஸ் வறண்டுவிட்டது என்று சந்தேகிக்கலாம். அதிர்வு சென்சாருக்குப் பணம் போட நான் தயங்குவேன். ஓரிடத்தில் சீராகச் சுழலும் மோட்டாருக்கு அது அருமையான கருவி. பள்ளத்திலும் வேகத்தடையிலும் குதிக்கும் பஸ்ஸில், கியர்பாக்ஸ் எது, சாலை எது என்று பிரிப்பது பெரும்பாடு.

அப்புறம் உப்புக் காற்று. நம் கடலோரத்தில் கனெக்டருக்குள் செம்பு பச்சை பூத்துவிடும், சென்சார் பொய் சொல்ல ஆரம்பிக்கும். 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சல் புயலும் கண்ட ஊர்கள் இவை. நீர் புகாத கனெக்டர் இல்லாமல் எதையும் ஒட்டுவது வீண் செலவு.

என் தேர்வு இதுதான். புது பஸ்களில் ஏற்கெனவே இருக்கும் எண்களை முதலில் படிக்க வேண்டும், பழையவற்றுக்கு ஹப் சூடு மட்டும் போதும். கிலோமீட்டர் கணக்கு தொடரட்டும். ஆனால் டவுன் பஸ்ஸுக்கும் நீண்ட தூர பஸ்ஸுக்கும் தனித்தனியாக. எத்தனை முறை நின்று கிளம்பியது என்ற கணக்கை, பல பஸ்களில் ஏற்கெனவே இருக்கும் ஜிபிஎஸ் கருவியே தரும்.

டிரைவர் குறை எழுதும் நோட்டும் இந்த எண்களோடு ஒரே தாளில் வர வேண்டும். "பிரேக் இடது பக்கம் இழுக்குது" என்று அவர் எழுதியதும், இடது ஹப் சூடு ஏறியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரவு ஷிப்ட் மெக்கானிக் எந்தச் சக்கரத்தை முதலில் கழற்றுவது என்று யோசிக்க வேண்டியதில்லை.