வலைக்கூடையா, இருக்கைக் கூண்டா? கடல் தளங்களில் ஆள் ஏற்றும் சாதனங்கள் ஒரு மதிப்பீடு

சப்ளை படகிலிருந்து எண்ணெய்த் தளத்துக்கு ஆட்களைக் கிரேனில் ஏற்றுவதற்கு இரண்டு வகைச் சாதனங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, நின்றபடி பிடித்துக்கொண்டு போகும் கயிற்று வலைக்கூடை. டெக்சாஸ் மாநிலத்தின் கார்பஸ் கிறிஸ்டியில் உள்ள பில்லி பியூ நிறுவனத்தின் பெயரே பல தளங்களில் இதற்குப் பெயராகிவிட்டது. மற்றொன்று, பெல்ட் போட்டு உட்கார்ந்து போகும் கூண்டு. அபர்தீனின் ரிஃப்ளெக்ஸ் மரைன் தயாரிக்கும் ஃப்ராக் இதில் முன்னோடி. புதிதாக வாங்குகிற தளம் கூண்டைத்தான் வாங்க வேண்டும். ஆனால் ஆர்டர் கொடுப்பதற்கு முன் தன் கிரேன் அதற்குத் தகுதியானதா என்று பார்த்துவிட வேண்டும். கூண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது தொங்குவது அந்தக் கிரேனில்தான்.

இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடியவை நான்கு: கைநழுவி விழுவது, டெக்கில் (படகின் மேல்தட்டில்) வேகமாக மோதி இறங்குவது, பக்கவாட்டில் ஆடி எதிலாவது இடிப்பது, கடலில் மூழ்குவது. இரண்டு சாதனங்களையும் இந்த நான்கில்தான் ஒப்பிட வேண்டும்.

பழைய மாதிரி வலைக்கூடையில் பயணி வெளிப்பக்க வளையத்தில் நின்று, உள்நோக்கித் திரும்பி, கைகளை வலைக்குள் கோத்துப் பிடித்துக்கொள்கிறார். பைகள் நடுவில் கிடக்கும். அவருடைய பாதுகாப்பு முழுவதும் கைப்பிடியில் இருக்கிறது. பல மணி நேரம் படகில் குமட்டலோடு வந்தவர், ஈரக் கையுறை போட்டவர், தோள்வலி உள்ளவர் யாராக இருந்தாலும் உயரத்தில் கை தளர்ந்தால் காப்பாற்ற ஒன்றும் கிடையாது. இடுப்பிலோ மார்பிலோ கொக்கி போடும் பாதுகாப்புக் கயிறு உள்ள மாதிரிகள் இருக்கின்றன. வலைக்கூடைதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்த மாதிரியைத் தவிர வேறொன்றை வாங்காதீர்கள். பக்கவாட்டில் இடித்தால் முதலில் அடிபடுவது பயணியின் முதுகு. வேகமாக இறங்கினால் அதிர்ச்சியைத் தாங்குவது முழங்கால். கடலில் விழுந்தால் மேலிருந்து தளர்ந்து சரியும் வலை ஆளைச் சுற்றிக்கொள்ளும்.

கூண்டில் இந்த நான்குக்கும் தனித்தனியே பதில் இருக்கிறது. பெல்ட் விழாமல் தடுக்கிறது. இருக்கைக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவில் உள்ள ஸ்பிரிங்கும் டேம்பரும் (அதிர்வை அடக்கும் கருவி) இறங்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. வெளிச்சட்டம் பக்க மோதலை ஏற்கிறது. மிதவைப் பலகைகள் கூண்டை மிதக்க வைத்து, கவிழ்ந்தாலும் தானாக நிமிர்த்துகின்றன. அடிபட்டவரைக் கரைக்கு அனுப்ப, இருக்கைகளை எடுத்துவிட்டு ஸ்ட்ரெட்சர் வைக்கும் வசதியும் சில மாதிரிகளில் உண்டு. காயம்பட்ட ஒருவரை வலைக்கூடையில் இறக்குவதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒன்றுக்காகவே கூண்டு வாங்கலாம்.

வலைக்கூடைக்கும் சாதகங்கள் உண்டு. எடை குறைவு, மடித்து வைக்கலாம், காற்று அதிகம் பிடிக்காது, இறங்கியதும் ஓர் எட்டில் விலகிவிடலாம். டெக்கில் கூண்டு உட்கார இடமில்லாத சிறிய படகுகளில் வேறு வழி இருக்காது. அங்கேயும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தே ஏற்ற வேண்டும். முதல் முறை கடலுக்கு வருபவரையும் உடல்நலம் குறைந்தவரையும் அதில் அனுப்பக் கூடாது.

பராமரிப்பில் இரண்டும் வேறு வேறு இடங்களில் ஏமாற்றும். வலைக்கயிறு வெயிலில் கெடுகிறது. வெளித்தோற்றம் நன்றாக இருக்கும். இழைகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மாவாக உதிரும். கயிறு விறைத்திருந்தாலோ, நிறம் வெளுத்திருந்தாலோ, முறுக்கினால் பொடி வந்தாலோ கூடையை ஒதுக்கி வெட்டிப் போட்டுவிட வேண்டும். ஓரமாக வைத்தால் யாராவது மறுபடி எடுத்து மாட்டிவிடுவார்கள். பயன்படுத்தாத நேரத்தில் தார்ப்பாய் மூடி வைப்பதும் ரசாயன டிரம்களிலிருந்து தள்ளி வைப்பதும் கூடையின் ஆயுளைக் கூட்டும். கூண்டில் முதலில் கெடுவது பெல்ட் பக்கிள். உப்பு படிந்து பொத்தான் இறுகினால், கடலில் கவிழ்ந்த நேரத்தில் அந்தப் பெல்ட்டே எமனாகும். நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு பக்கிளையும் மாட்டி எடை கொடுத்த நிலையில் கழற்றிப் பார்க்க வேண்டும். அடுத்தது டேம்பர் கசிவு, கூண்டின் அடிப்பாதங்களின் தேய்மானம், மிதவைப் பலகையில் விரிசல். விரிசல் விட்ட பலகை தண்ணீர் குடித்தால் கூண்டின் எடையும் கூடும், மிதக்கும் திறனும் குறையும்.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் மேலே உள்ள இணைப்பு. கிரேனின் ஹூக்கில் (கொக்கியில்) தானாகத் திறக்காத பூட்டு நாக்கு இருக்க வேண்டும். ஸ்பிரிங்கில் மட்டும் நிற்கும் நாக்கு போதாது. ஷாக்கிள் (இணைக்கும் இரும்பு வளையம்), நட்டும் அது கழலாமல் தடுக்கும் கோட்டர் பின்னும் உள்ள போல்ட் வகையாக இருக்க வேண்டும். திருகி மாட்டும் பின் வகை, கூடை சுழலச் சுழலக் கழன்றுவரும். ஆட்களுக்கான ஸ்லிங்கை (தூக்குக் கயிற்றை)ச் சரக்குத் தூக்க எடுக்கவே கூடாது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு தூக்குசாதன விதிகள், ஆட்களைத் தூக்கும் சாதனத்துக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை கேட்கின்றன. எந்தக் கடலில் வேலை செய்தாலும் இந்த இடைவெளியைக் கடைப்பிடிப்பது நல்லது.

இனி கிரேன். கூண்டு விற்பவர்கள் அதிகம் பேசாத பகுதி இது. கூண்டின் எடை 500 கிலோ, நான்கு பேர் கருவிகளோடு தலா 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் 900 கிலோ ஆகிவிட்டது. ஹூக் பிளாக் (கொக்கியோடு சேர்ந்த கப்பி), அதிலிருந்து தொங்கும் பெண்டன்ட் ஸ்லிங் ஆகியவற்றின் எடை இதற்கு மேல். கிரேன் எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோட் சார்ட்டில் சரக்குக்கான எண்ணைப் பார்த்து, ‘தாராளமாகத் தாங்கும்’ என்று சொல்வது தப்பு. ஆட்களுக்கான எண் தனி, அது மிகவும் சிறியது. படகு தளத்திலிருந்து விலகி நிற்கும்போது ரேடியஸ் (கிரேனின் மையத்திலிருந்து ஹூக் வரையுள்ள கிடைத் தூரம்) கூடுகிறது, எண் இன்னும் இறங்குகிறது. படகு அதிகபட்சம் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று அளந்து, அந்த ரேடியஸில் ஆட்களுக்கான எண் போதுமா என்று பார்த்த பிறகே மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போதாவிட்டால் சிறிய மாடலை வாங்கி, கூடுதல் நடை அடிப்பதே சரி.

கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், ஆள் தூக்க அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பிரேக்கைத் தளர்த்தித் தானாக விழவிடும் முறையில் கயிறு இறங்கவே கூடாது; மோட்டார் சக்தியில்தான் இறங்க வேண்டும். ஹூக் பிளாக், பூம் (கிரேனின் நீண்ட கை) நுனியில் முட்டாமல் நிறுத்தும் லிமிட் சுவிட்சை அன்றன்று சோதிக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கடல் கிரேன்கள் பலவற்றில் தானியங்கி மிகுபாரப் பாதுகாப்பு இருக்கிறது. ஹூக் படகில் சிக்கிக்கொண்டால் கிரேனே இழுபட்டு விழாதபடி அது வின்ச்சை விட்டுக்கொடுக்கும். சரக்குக்கு அது சரி. ஆள் தொங்கும்போது அப்படி விட்டுக்கொடுத்தால் கூண்டு நேரே கீழே போகும். கேபினில் ஆள் தூக்கும் நிலைக்குச் சாவியைத் திருப்பியதும் அது அணைகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். அப்படி ஒரு சாவியே இல்லாத கிரேனுக்கு எந்தக் கூண்டும் வாங்க வேண்டாம்.

ஊசலாட்டத்தைக் கூண்டு தடுக்காது, அடியை மட்டும்தான் தாங்கும். 10 மீட்டர் கயிற்றில் ஒரு முழு ஊசலுக்குச் சுமார் 6 விநாடி, 30 மீட்டர் கயிற்றில் சுமார் 11 விநாடி. கடலின் அலையும் பெரும்பாலும் இதே விநாடிகளில்தான் வந்துபோகிறது. அதனால் பூம் நுனி கூண்டுக்கு நேர்மேலே வராமல் தூக்கினால், முதல் அசைவிலேயே ஆட்டம் தொடங்கி ஒவ்வொரு அலையிலும் வளரும். தூக்கும் முன் நுனியை நேர்மேலே கொண்டுவருவதற்கு ஒரு நிமிடம் செலவழித்தாலும் பரவாயில்லை.

தூக்குவதற்கு ஏற்ற தருணம், படகு அலையின் உச்சிக்கு வந்து மேலேறுவதை நிறுத்தும் நேரம். அப்போது தூக்கினால் டெக் தானாகக் கீழே விலகிப் போகும். ஏறிவரும் டெக்கில் இறக்கினால் இரண்டு வேகமும் கூடி மோதும். அதனால் இறக்குவதற்கும் உச்சிதான் சரியான இடம். கூண்டு டெக்கைத் தொட்டவுடன் கயிற்றில் போதிய தளர்வு விட வேண்டும். தளர்வு இல்லாவிட்டால் அடுத்த பள்ளத்தில் படகு இறங்கும்போது, பாதி இறங்கிய ஆட்களோடு கூண்டு வெடுக்கென்று மேலே போகும். நடுவழியில் கூண்டு தண்ணீருக்கு மேலாகப் போக வேண்டும். டெக்கிலிருந்து சற்றே தூக்கி, பக்கவாட்டில் கடல் பக்கம் நகர்த்தி, அங்கே உயர்த்தி, பிறகு தளத்தின் மேல் கொண்டுவர வேண்டும்.

வானிலை வரம்பு பற்றியும் ஒரு வார்த்தை. கூண்டின் கையேடு வலைக்கூடையைவிடக் கடுமையான கடலுக்கு அனுமதி தரலாம். அதைக் காட்டி மேலதிகாரி அவசரப்படுத்துவது இத்தொழிலில் நடக்கிறது. கிரேனின் வரம்பு, படகு ஒரே இடத்தில் நிற்கும் திறன், மீட்புப் படகை இறக்க முடிகிற அலையின் அளவு ஆகிய மூன்றில் எது குறைவோ அதுதான் அன்றைய வரம்பு. ஆபரேட்டர் ‘இன்று வேண்டாம்’ என்றால் அதோடு நிறுத்த வேண்டும். ரேடியோவில் சிக்னல்மேன் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை மட்டும் எல்லோருக்கும் உண்டு.

வாடகைக்கு எடுத்தாலும் சரி, வாங்கினாலும் சரி, கூண்டோடு வர வேண்டியவை: வரிசை எண் பொறித்த எடைத்தகடு, கடைசி எடைச் சோதனைச் சான்றிதழ், பெல்ட், டேம்பர், மிதவைப் பலகை மாற்றிய தேதிகள். தகட்டு எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் வந்த படகிலேயே திருப்பி அனுப்புங்கள். ஒன்றாக இருந்தால் முதலில் ஆளில்லாமல், ஆட்களின் எடைக்குச் சமமான மணல் மூட்டைகளை இருக்கையில் கட்டி, படகு நிற்கும் அதே ரேடியஸுக்கு ஒருமுறை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். பிரேக் பிடிக்கும்போது கூண்டு நழுவுகிறதா என்பதைக் கயிற்றில் சாக்பீஸால் குறியிட்டுப் பார்க்கலாம்.