கார் ஸ்டீரியோவுக்குக் குட்டி 32 ஜிபி பென்டிரைவ்: வாங்கலாமா?

போர்ட்டுக்கு வெளியே துளிதான் நீட்டிக்கொண்டிருக்கும்; கியர் மாற்றும்போது கை இடித்து வளையாது. இதற்காகவே வாங்கலாம். 320 கேபிபிஎஸ் என்ற உயர்ந்த ஒலித்தரத்தில் எம்பி3 என்றால் 5 நிமிடப் பாட்டு 12 எம்பி. சுமார் 2,600 பாட்டு கொள்ளும். 64 ஜிபிக்கு ஆசைப்படாதீர்கள். அது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற, டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறையில் வரும், பழைய ஸ்டீரியோக்கள் பல அதைப் படிக்காது. அதைவிடப் பழைய முறையான ஃபேட்32 தான் பாதுகாப்பு.

பாட்டு வரிசை குலைந்தால் டிரைவைத் திட்டிப் பயனில்லை. சில ஸ்டீரியோக்கள் கோப்பின் பெயரைப் பார்ப்பதே இல்லை, காப்பியான வரிசையில்தான் பாடும். ஃபார்மட் செய்துவிட்டு, 01, 02 என்று எண்ணிட்டு, ஒவ்வொரு ஃபோல்டராக ஏற்றுங்கள். ஆப்பிளின் மேக் கணினியில் ஏற்றினால் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டிக் கோப்புகளை அழித்துவிடுங்கள். ஸ்டீரியோ அவற்றையும் பாட்டென்று எண்ணித் திணறும்.

குறை, சூடு. உடம்பு சின்னது, வெப்பம் போக வழியில்லை. வெயிலில் நிறுத்தினால் கழற்றி வையுங்கள், தொலைக்காமல்.