சைனா கார்பன் பிரேம்: வெலோபில்டா, வின்ஸ்பேஸா, எக்ஸ்-லேபா?

2023ல ஸ்பெஷலைஸ்டு கம்பெனியோட டாப் ரேஸ் சைக்கிள் எஸ்-வொர்க்ஸ் டார்மாக் எஸ்எல்8 வந்தப்போ பிரேம்செட்டுக்கு மட்டும் அமெரிக்கால 5,500 டாலர் வச்சாங்க, சக்கரம் கிடையாது, கியர் கிடையாது, பிரேம், போர்க் (முன் சக்கரத்த பிடிக்கற கவை), சீட்போஸ்ட் (சீட் கம்பி) அவ்ளோதான். 56 சைஸ் பிரேம் 685 கிராம்னு அவங்களே சொல்றாங்க, சூப்பர்தான், ஆனா அந்த காசுல பாதிக்கும் கம்மியா சீனாலேருந்து நல்ல டிஸ்க் பிரேம் வருதுன்னு தெரிஞ்சப்புறம் யாருக்குத்தான் கை அரிக்காது. பிரச்சனை என்னன்னா எல்லாத்தையும் சேர்த்து "சைனா பிரேம்"னு ஒரே மூட்டைல கட்டிடறாங்க. ஒருத்தன் சூப்பர்ங்கறான் இன்னொருத்தன் உடையும்ங்கறான், கிட்டக்க போய் கேட்டா ரெண்டு பேரும் பேசறது வேற வேற சாமானா இருக்கும்.

முதல்ல அடிமட்ட விலைலேருந்து வரேன். வெலோபில்ட், டான்டான், கார்போன்டா, ஹோங்ஃபு, டெங்ஃபு இந்த மாதிரி பேரெல்லாம் ஓப்பன் மோல்டு ஆளுங்க. மோல்டு, அதாவது அச்சு, பேக்டரியோடது, யார் காசு குடுத்தாலும் அவங்க பேர ஒட்டி தருவாங்க, ஐரோப்பால அமெரிக்கால சின்னச் சின்ன பிராண்டு நெறைய பேர் இப்டி எடுத்து பெயின்ட் அடிச்சு விக்கறாங்க. வெலோபில்டோட விபி-ஆர்-168 பாத்தீங்கன்னா தூரத்துல டார்மாக் எஸ்எல்7னே நினைப்பீங்க. விலை சும்மா ஐநூறு அறுநூறு டாலர் ரேஞ்சு. பெயின்ட் நீங்க சொல்ற கலர்ல அடிச்சுத் தருவாங்க, அது ஒரு பெரிய சந்தோஷம்.

அடுத்தது சொந்த டிசைன் வச்சிருக்கவங்க. சியாமென்ல இருக்கற வின்ஸ்பேஸ் இதுல முன்னாடி நிக்குது, லைட்டா வேணும்னா எஸ்எல்சி, ஏரோ (காத்த கிழிக்கற ஷேப்) வேணும்னா டி1500 வரிசை, இவங்களோட லூன் வீல்தான் நெறைய பேருக்கு மொதல்ல பழக்கம். ஒரு பிரெஞ்சு பெண்கள் புரோ டீமோட பேர்லயே வின்ஸ்பேஸ் இருக்கற அளவுக்கு ஸ்பான்சர் பண்ணியிருக்காங்க. செகா, யோலியோ, எல்வ்ஸ், குயிக் எல்லாம் இதே கூட்டம். விலை ஓப்பன் மோல்ட விட ரெண்டு மடங்கு மூணு மடங்கு போகும். இதுலயும் ஒரு உஷார் தேவை, சொந்த டிசைன்னு சொல்லிட்டு ஓப்பன் மோல்ட ரீபெயின்ட் பண்ணி விக்கறவங்களும் இருக்காங்க. ஜியோமெட்ரி சார்ட்ட (பிரேம் அளவு பட்டியல்) எடுத்து ஸ்டாக் (உயரம்), ரீச் (முன்பக்க நீளம்), செயின்ஸ்டே (பின்பக்க குழாய் நீளம்) மூணையும் வேற சைட்ல இருக்கறதோட ஒத்துப் பாருங்க, எல்லா சைஸ்லயும் மில்லிமீட்டர் மாறாம அப்டியே இருந்தா ரெண்டும் பெரும்பாலும் ஒரே மோல்டுதான்.

மூணாவது பெரிய கைங்க. எக்ஸ்டிஎஸ் ஷென்ஜென்ல 1995ல ஆரம்பிச்ச கம்பெனி, சீனா முழுக்க சாதாரண சைக்கிள் வித்து வளந்தவங்க, 2025லேருந்து கசாக்ஸ்தான் ரேஸ் டீம் அஸ்தானாவோட பேரே எக்ஸ்டிஎஸ் அஸ்தானா. அந்த வருஷம் இத்தாலி ஜிரோ ரேஸ்ல 16ஆவது ஸ்டேஜ்ல ஸ்காரோனி ஜெயிச்சார், ஃபோர்டுனாடோ மலை ஏறறதுல முதல் ஆளுக்கு தர ஜெர்சிய வீட்டுக்கே எடுத்துட்டு போனார், டீமுக்கு சைக்கிள் எக்ஸ்டிஎஸோட எக்ஸ்-லேப் பிராண்டு. டிமோஷன் பயத்துல இருந்த டீம் வேர்ல்ட்டூர்ங்கற டாப் டிவிஷன்ல தங்கிடுச்சு. பார்டஸ் இன்னொண்ணு, ஷான்டோங்ல இருக்கற தைஷான் குரூப்போடது, ஜிம்னாஸ்டிக்ஸ் ஜூடோ சாமான் செய்ற பெரிய கம்பெனி அது. சைக்கிள் நல்லா இருக்கும், சந்தேகமே இல்ல, ஆனா நமக்கு டீலர் இல்லாத ஊர்ல இருந்துட்டு இத வரவைக்கறது தலைவலி, அதனால இத பத்தி ரொம்ப இழுக்கல.

இப்ப நம்பர் விளையாட்டுக்கு வரேன், ஏன்னா எல்லாரும் ஏமாறறது இங்கதான். "எங்களது டி1000, அதனால ரொம்ப ஸ்டிஃப்"னு ஒருத்தர் விளம்பரம் போடுவார், டி1000ங்கறது கார்பன் நாரோட கிரேடு. அந்த நார செய்ற ஜப்பான் டோரே கம்பெனியோட சொந்த டேட்டாவ எடுத்தீங்கன்னா டி700 மாடுலஸ் (விறைப்பு) 230 கிகாபாஸ்கல், டி800 294, டி1000 அதுவும் அதே 294. அதாவது டி1000 அறுந்து போறதுக்கு இன்னும் அதிக லோடு தாங்கும், ஆனா வளையறதுல டி800க்கும் அதுக்கும் வித்தியாசமே கிடையாது. டி1100 தான் 324க்கு போகுது. எம்40ஜே 377 வரைக்கும் போகும், ஆனா அதோட ஸ்ட்ரெங்த் டி700 விட கம்மி, அத மட்டும் வச்சு பிரேம் செஞ்சா ஒரு அடி பட்டா போச்சு. அதனால நல்ல பேக்டரி எதையும் தனியா போடாது, கலந்துதான் போடும், எந்த இடத்துல எந்த ஆங்கிள்ல எத்தன லேயர்ங்கறதுதான் பிரேம். ஒரே மோல்டுல நல்ல பிரேமும் வரும் கேடுகெட்ட பிரேமும் வரும், வெளிலேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். உள்ள பாக்கணும்னா நூறு டாலருக்கும் கம்மியான எண்டோஸ்கோப் கேமரா போதும், பாட்டம் பிராக்கெட் (பெடல் கிராங்க் சுத்தற இடம்) ஓட்டைல விட்டு பாருங்க, சுவர் வழுவழுன்னு இருந்தா உள்ள அழுத்தம் ஒழுங்கா குடுத்து அச்சு எடுத்திருக்காங்கன்னு அர்த்தம், துணி கசங்கின மாதிரி சுருக்கமும் ரெசின் (பசை) கட்டியும் தெரிஞ்சா போட்டோ எடுத்து உடனே அனுப்புங்க.

கிராம் கணக்கும் அப்டித்தான், கம்பெனி சொல்றது பெரும்பாலும் பெயின்ட் இல்லாம, ஸ்குரூ, ஹேங்கர் (பின் கியர் மாத்தற கைய மாட்டற சின்ன துண்டு) இல்லாம. கெட்டியா கலர் அடிச்சா நூறு கிராம் வரைக்கும் கூட ஏறும். எனக்கு இதுல அக்கறையே இல்ல, ஒரு பாட்டில் தண்ணிய குடிச்சா அதவிட அதிகமா குறையும்.

நான் பாக்கற எடம் பாட்டம் பிராக்கெட். பழைய ஓப்பன் மோல்டுல நெறைய பிபி86, 41 மில்லிமீட்டர் ஓட்டைல பேரிங்க அழுத்தி ஏத்தறது, அந்த ரெண்டு பக்க ஓட்டையும் ஒரே நேர்கோட்டுல இல்லன்னா பேரிங் சீக்கிரம் காலி, மிதிக்கும்போது கிரீச் கிரீச்சுன்னு சத்தம், மெக்கானிக் கிரீஸ் போட்டு போட்டு ஓய்ஞ்சிடுவார், கார்பன்ல ஓட்டை கோணல்னா அத சுலபமா நிமுத்த முடியாது. டி47னா த்ரெட் போட்ட ஸ்லீவ், பேரிங்க திருகி மாட்டறது, அது பரவால்ல. ஒரே விலைல பிபி86ஒண்ணு டி47ஒண்ணு இருந்தா கண்ண மூடிட்டு டி47 எடுங்க, பிரேம் பாக்க கொஞ்சம் சுமாரா இருந்தாக்கூட.

அப்புறம் ஒயர் எல்லாம் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பற பேரிங் செட்) வழியா உள்ள போறது. அதுல ஒரு பேரிங் மாத்தணும்னா பெரும்பாலும் பிரேக் ஹோஸ அவுத்து மறுபடி பிளீட் பண்ணணும் (பிரேக் ஆயில்ல இருக்கற காத்த எடுக்கறது), அது கிட்டத்தட்ட எல்லா பிராண்டுக்கும் பொது. ஆனா அந்த ஸ்பேசர், டாப் கவர், சீட்போஸ்ட இறுக்கி பிடிக்கற ஆப்பு இதெல்லாம் அந்த பிரேமுக்குன்னே செஞ்சது. வின்ஸ்பேஸ் மாதிரி ஆளுக்கு மெயில் போட்டா பார்ட் தனியா விக்கறாங்க. ஓப்பன் மோல்டுல அடுத்த வருஷம் அந்த மாடலே இல்லாம போயிடலாம், அப்ப சீட்போஸ்ட் ஆப்பு தொலைஞ்சா பிரேமே வேஸ்ட். என்ன கேட்டா அந்த ரெண்டு மடங்கு காசு போறது கார்பனுக்கு இல்ல, இதுக்குத்தான்.

யுசிஐ (உலக சைக்கிள் ரேஸ் சங்கம்) ஸ்டிக்கர் இருக்குன்னு சந்தோஷப்படறவங்களுக்கு ஒண்ணு, அது ரேஸ் ரூல்படி வடிவமும் அளவும் சரியான்னு பாக்கறது, பிரேம் பலமா இருக்கான்னு பாக்கறது இல்ல. பலத்துக்கு ஐஎஸ்ஓ 4210ங்கற சைக்கிள் பாதுகாப்பு தரம், அந்த டெஸ்ட் ரிப்போர்ட்ல உங்க மாடல் பேரும் போர்க்கும் இருக்கான்னு கேளுங்க. ஒழுங்கான ஓப்பன் மோல்டு ஆளுங்களும் குடுப்பாங்க, மழுப்பினா அடுத்த கடை.

பினரெல்லோங்கற இத்தாலி பிராண்டோட லோகோ ஒட்டி நானூறு டாலருக்கு வர "சைனரெல்லோ" இந்த ஒப்பீட்டுலயே வராது. அதே பேக்டரில பின்வாசல் வழியா வந்ததுன்னு கதை விடுவாங்க, நம்பாதீங்க, அடுத்தவன் பேர திருடி ஒட்டறவன் லேயர் மட்டும் நேர்மையா போடுவானா.

இந்தியாலேருந்து வாங்கறவங்களுக்கு இன்னொரு சிக்கல், அலிஎக்ஸ்பிரஸ 2020 நவம்பர்ல கவர்மென்ட் பிளாக் பண்ணிடுச்சு, அதனால கம்பெனி சைட்லயே நேரா பேசி வாங்கணும், டூட்டி, ஜிஎஸ்டி, கூரியர்காரன் சார்ஜ் எல்லாம் மேல ஏறும். ஐநூறு டாலர் பிரேம் வீட்டுக்கு வரும்போது ஐநூறா இருக்காது, அத சேத்துட்டு அப்புறம் வின்ஸ்பேஸோட ஒப்பிடுங்க. திருப்பி அனுப்பறதுங்கறது பேச்சுக்குத்தான், பெட்டி போற கூரியர் செலவுல பாதி பிரேம் வாங்கிடலாம், அதனால பார்சல் பிரிக்கறதுலேருந்து வீடியோ எடுத்துடுங்க.

கைல சாமான் இருக்கு, ஹோஸ் வெட்டி பிளீட் பண்ணத் தெரியும், பேரிங் சரியில்லன்னா நாமளே பாத்துக்கலாம்னு இருக்கவங்களுக்கு கார்போன்டாவோ வெலோபில்டோ டி47 மாடல்ல தாராளமா போகலாம், குடுக்கற காசுக்கு நெறையவே கிடைக்கும். கடைல குடுத்து மாட்டி ஞாயித்துக்கெழம ஓட்டினா போதும்னு இருக்கவங்க வின்ஸ்பேஸ் எஸ்எல்சி எடுங்க, ஏரோ ஷேப்புக்கு ஆசைப்பட்டு சீட்போஸ்ட் கடினமா இருக்கறத எடுத்து நம்ம ரோட்ல முதுக ஒடிச்சுக்காதீங்க, 32 மில்லிமீட்டர் டயர் போற எடம் இருக்கான்னு பாருங்க. எதுவா இருந்தாலும் ஆர்டர் போடும்போதே டிரெயிலியர் ஹேங்கர் ரெண்டு, ஹெட்செட் பேரிங் ஒரு செட், சீட்போஸ்ட் ஆப்பு ஒண்ணு எக்ஸ்ட்ரா அதே பெட்டில போடச் சொல்லிடுங்க, தனியா வரவைச்சா சாமான விட கூரியர் காசு ஜாஸ்தி.