'பாடி'யா, எஸ்.எஸ்.ஐ.யா: எந்த ஸ்கூபா சான்றிதழ் வெளிநாட்டில் செல்லும்?

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கடலோடு வளர்ந்த இளைஞர்கள் ஸ்கூபா (காற்று உருளையைச் சுமந்து நீருக்கடியில் மூழ்குவது) கற்க விரும்பினால் முதலில் கேட்பது இதுதான்: வெளிநாட்டில் 'பாடி' (PADI) அமைப்பின் சான்றிதழ் அட்டை மட்டும்தான் செல்லுமா?

இல்லை. 1966-இல் தொடங்கிய பாடியும் 1970-இல் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ.யும் (SSI) அமெரிக்காவில் பிறந்த ஸ்கூபா பயிற்சி அமைப்புகள். இரண்டின் 'ஓப்பன் வாட்டர்' என்னும் தொடக்கநிலைப் பயிற்சியும் ஐ.எஸ்.ஓ. 24801-2 என்ற சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டது. இரண்டிலும் துணையோடு 18 மீட்டர் ஆழம்வரை இறங்கலாம். மாலத்தீவு, தாய்லாந்து, எகிப்து எங்கும் இரண்டு அட்டைகளையும் ஏற்கிறார்கள். எஸ்.எஸ்.ஐ.யில் தொடங்கி அடுத்த நிலையைப் பாடியில் படிக்கவும் தடையில்லை.

பாடியின் பெயர் பரவலாகத் தெரிந்தது. அதன் பயிற்றுநர் தனியாகவும் கற்பிக்கலாம், எஸ்.எஸ்.ஐ. பயிற்றுநரோ ஒரு மையத்தைச் சார்ந்தே இயங்க வேண்டும். என்னைக் கேட்டால், அட்டையின் பெயரைவிடக் கற்றுத்தருபவரின் பொறுமையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முகக்கவசத்தில் புகுந்த நீரை வெளியேற்றுவதைப் பதறாமல் செய்யும்வரை மீண்டும் மீண்டும் பழக்குபவரே நல்ல ஆசிரியர். வெளிநாட்டுப் படகில், கடைசியாக எப்போது மூழ்கினீர்கள் என்றும் கேட்பார்கள். இடைவெளி நீண்டிருந்தால் முதலில் ஆழமற்ற நீரில் சோதித்துப் பார்ப்பார்கள்.

துறைமுக வேலையை நினைத்துப் பணம் கட்டுபவர்களுக்கு அழுத்தமாகச் சொல்கிறேன்: இந்த இரண்டு அட்டைகளும் பொழுதுபோக்கு மூழ்கலுக்கானவை. நீருக்கடியில் வெல்டிங், கப்பல் அடிப்பாகப் பழுதுபார்ப்பு போன்ற பணிகளுக்கு வணிக மூழ்கல் பயிற்சி தனியாக வேண்டும். அந்தச் சான்றிதழை எந்தெந்த நாடுகள் ஏற்கும் என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.