அரண்மனை முகமா, தெற்கு வெயிலா?
லண்டனின் விக்டோரியா காலத்து மனநலக் காப்பகங்களில் கோல்னி ஹாட்ச் (1851), கிளேபரி (1893) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோல்னி ஹாட்ச் வெளியே இத்தாலியப் பாணி அரண்மனை. கோபுரம், குவிமாடம் எல்லாம் உண்டு. உள்ளே போனால் நடை, நடை, நடை. அரை கிலோமீட்டரைத் தாண்டும் தாழ்வாரம்.

கிளேபரியில் கட்டடக் கலைஞர் ஹைன் வார்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து, அம்புமுனை போல ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தள்ளி நிறுத்தினார். முன்னால் நிற்பது பின்னால் இருப்பதன் வெயிலை மறைக்காது. தெற்குப் பார்த்த சன்னல்களில் வெளிச்சம் கொட்டும். வார்டுகளை இணைக்கும் நடைகள் தாழ்வானவை.

என் ஓட்டு கிளேபரிக்கே. ஆனாலும் சுமார் 2,000 பேருக்கென்று கட்டிய இடம், வீடு மாதிரி இருந்திருக்குமா என்ன? இன்று இரண்டுமே சொகுசுக் குடியிருப்புகள். கிளேபரியின் தேவாலயத்துக்குள் நீச்சல் குளம்!