பெர்ன் நகரத்து வளைவு நடைபாதைகளில் ரிக்கோ ஜிஆர் 3

ரிக்கோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஜிஆர் 3 கேமராவைப் பற்றி, அதன் தொழில்நுட்ப அளவுகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட மதிப்புரைகள் நிறைய உள்ளன. ஒரு கேமரா எந்த ஊரில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு ஓய்வு நேரம் உள்ளவர் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் தகுதி விளங்கும். சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி நகரமான பெர்னில் வாழ்ந்து, வேலை முடிந்த மாலைகளிலும் வார இறுதிகளிலும் மட்டும் படம் எடுக்கும் ஒருவர் என்ற நிலையிலிருந்தே இதை எழுதுகிறேன். இந்த ஊரின் பழைய நகரப் பகுதியை நடந்து நடந்து படம் எடுக்க விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான சிறிய கேமராவை நான் பார்த்ததில்லை.

பெர்னின் பழைய நகரம் 1405ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு சாம்பல் பச்சை நிற மணற்கல்லால் மீண்டும் எழுப்பப்பட்டது. 1983 முதல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. வீடுகளின் கீழ்த்தளத்தில், கடைகளுக்கும் தெருவுக்கும் நடுவே, உள்ளூர் மக்கள் லௌபன் என்று அழைக்கும் வளைவு நடைபாதைகள் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்கின்றன. கிராம்காஸ்ஸே, கெரெஷ்டிக்கைட்ஸ்காஸ்ஸே போன்ற தெருக்களில், ஒருபுறம் வளைவுகள் வழியே வெளிச்சம் பாய, மறுபுறம் கடைக் கண்ணாடிகள் மங்கலாக ஒளிர, நடுவில் மக்கள் நிழலுக்குள்ளும் ஒளிக்குள்ளும் மாறி மாறி நடந்துகொண்டிருப்பார்கள். தூண்களுக்கு இடையே பின்னால் நகர்ந்து நிற்க இடமே கிடையாது என்பதால், முழுச்சட்டக (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம்) அளவில் 28 மில்லிமீட்டருக்கு இணையான ஜிஆர் 3இன் அகன்ற லென்ஸ், தூண், வளைவு, நடப்பவர், கடைவாசல் ஆகிய நான்கையும் ஒரே சட்டகத்தில் அடக்கிவிடுகிறது.

இந்தக் கேமராவின் உயிர்நாடி என்று நான் கருதுவது, ஸ்னாப் ஃபோகஸ் என்ற வசதியைத்தான். குவியத் தூரத்தை 2 மீட்டர் என்று முன்கூட்டியே வைத்துவிட்டு, ஷட்டர் பொத்தானைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால், தானியங்கிக் குவியம் தேடித் தடுமாறுவதற்கு இடமே இல்லாமல் படம் உடனே பதிவாகிவிடுகிறது. லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை 5.6 அளவில் வைத்தால் (எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்), ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து 5.5 மீட்டர் வரை உள்ளவை எல்லாம் தெளிவாக விழும். ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குள் ஒருவர் அடியெடுத்து வைக்கும் கணத்துக்கு இந்த இடைவெளி தாராளமாகப் போதும். குளிர்காலப் பகலிலும் நடைபாதைக்குள் இருட்டு இருப்பதால், ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 3200 வரை உயர்த்த வேண்டியிருக்கிறது. 24 மெகாபிக்சல் கொண்ட, முழுச்சட்டகத்தைவிடச் சற்றுச் சிறிய ஏபிஎஸ்-சி வகை சென்சார் அந்த அளவில் தரும் மணல்தன்மை, குறிப்பாகக் கறுப்பு வெள்ளையில், கல்லின் மேற்பரப்போடு அழகாக இசைந்துபோகிறது. தெருப்பக்க வெளிச்சம் வெளுத்துப்போகாமல் இருக்க, ஒளிமிகுந்த பகுதிக்கு முன்னுரிமை தரும் ஒளி அளவீட்டைப் பயன்படுத்துமாறு பரிந்துரைப்பேன்.

பேட்டரியும் நினைவட்டையும் சேர்ந்து 257 கிராம்தான் எடை என்பதால், கோட்டுப் பையிலேயே இருக்கிறது, வீட்டில் விட்டுவிட்டு வரத் தோன்றுவதில்லை. ஷட்டரின் ஓசை ஏறக்குறைய கேட்பதே இல்லை. ஐரோப்பாபிளாட்ஸில் 2014இல் திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில் தமிழர்களின் சைவக் கோயிலும் இருக்கிறது. அத்தகைய இடத்தில், அனுமதி பெற்ற பிறகும் வழிபடுபவர்களின் கவனம் சிதறக் கூடாது என்று நினைப்பவருக்கு இந்த அமைதி பெரிய கொடை. கேமரா சிறியது, சத்தமில்லாதது என்பதற்காக யாரையும் அறியாமல் படம் எடுத்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. சுவிஸ் உரிமையியல் சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழ் ஒருவரது உருவத்தின் மீது அவருக்கு உரிமை உண்டு. ஒருவரை முதன்மைப் பொருளாக வைத்து எடுத்தால், அருகில் சென்று கேட்டுவிடுவதே முறை. பெர்ன் மக்கள் பெரும்பாலும் அன்போடு தலையசைக்கிறார்கள்.

நீண்டகாலமாக நான் மேற்கொண்டிருக்கும் பணி, இந்நகரத்தின் 16ஆம் நூற்றாண்டு உருவச்சிலை நீரூற்றுகளை எல்லாப் பருவங்களிலும் ஒரே லென்ஸால் பதிவுசெய்வது. கோர்ன்ஹவுஸ்பிளாட்ஸில் குழந்தைகளை விழுங்கும் அரக்கன் அமர்ந்திருக்கும் கிண்ட்லிஃபிரெஸர் நீரூற்று இவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது. கேமராவுக்குள்ளேயே அமைந்த, ஒளியை 2 நிறுத்தங்கள், அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும் வடிகட்டியை இயக்கி, துளையை 16 என்ற மிகச் சிறிய அளவுக்குக் குறைத்தால், நிழலில் கால் நொடி அளவுக்கு ஷட்டரைத் திறந்து வைக்க முடிகிறது. உடலோடு இணைந்த மூவச்சு நிலைப்படுத்தி கை நடுக்கத்தைத் தாங்குவதால், முக்காலி இல்லாமலே நீர் நூல்நூலாக இறங்குவது பதிவாகிறது. மேக்ரோ நிலையில் 6 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். தொட்டி விளிம்பின் பாசியும் கல்வெடிப்பும் அப்போதுதான் கிடைக்கின்றன.

பொருந்தாத இடங்களும் உண்டு. வானம் தெளிந்த நாளில் நாடாளுமன்றம் கூடும் கூட்டாட்சி மாளிகையின் மேல்தளத் திடலிலிருந்து ஐகர், மொங்க், யுங்ஃபிராவ் சிகரங்கள் கண்ணை நிறைக்கின்றன. இந்த லென்ஸிலோ அவை அடிவானத்தில் மெல்லிய பல்வரிசையாகச் சுருங்கிவிடுகின்றன. படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் 50 மில்லிமீட்டர் நிலைக்கு மாறினால் ஏறக்குறைய 7 மெகாபிக்சல்தான் மிஞ்சும். தூசையும் ஈரத்தையும் தடுக்கும் அடைப்பு இல்லாததால், கோடையில் மக்கள் நீந்திச் செல்லும் ஆரே ஆற்றங்கரைக்கும் அடைமழைக்கும் இது ஏற்றதல்ல. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, ஃபிளாஷும் இல்லை. ஒரு மின்னேற்றத்துக்கு 200 படங்கள் என்று நிறுவனமே குறிப்பிடும் பேட்டரி குளிரில் இன்னும் சீக்கிரம் இறங்கும். நவம்பர் மாதத்தின் நான்காம் திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே தொடங்கும் வெங்காயச் சந்தைக்குச் செல்பவர், உதிரி பேட்டரிகளை உடலை ஒட்டிய உட்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மனிதர்களையும் முகங்களையும் விரும்புபவர்களுக்கு, 40 மில்லிமீட்டருக்கு இணையான லென்ஸுடன் 2021இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் பொருந்தும். வளைவு நடைபாதைகளே நோக்கம் என்றால் ஜிஆர் 3இன் 28 மில்லிமீட்டர்தான் சரி. ஜிஆர் 4 2025இல் வெளிவந்துவிட்டதால், ஜிஆர் 3ஐ இனிப் பயன்படுத்திய நிலையில் வாங்குபவர்களே மிகுதியாக இருப்பார்கள். அவ்வாறு வாங்குமுன் துளையை 16இல் வைத்து, வெறும் வெள்ளைச் சுவர் ஒன்றைப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தென்பட்டால் சென்சாரில் தூசு புகுந்திருக்கிறது என்று பொருள்; லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால், சுத்தம் செய்யும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்ட பிறகே முடிவெடுங்கள்.